ஸ்கூட்டரில் படித்த ரேஸ் தடம்: சிராகூஸை சிமுலேட்டரில் ஓட்டிப் பார்த்தேன்

1955 அக்டோபரில் சிசிலித் தீவின் சிராகூஸ் நகரில் நடந்த கிராண்ட் பிரி கார் பந்தயத்தை ஜெயித்தவர் டோனி ப்ரூக்ஸ். மான்செஸ்டரில் பல் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த 23 வயது மாணவர். அதற்கு முன் ஃபார்முலா 1 காரில் அவர் பந்தயம் ஓட்டியதே இல்லை. முதல் ரேஸ் 1952-இல், வீட்டிலிருந்த ஹீலி சில்வர்ஸ்டோன் காரில். பிறகு யாராவது தங்கள் காரைக் கொடுத்தால் ஓட்டுவார், இல்லையென்றால் கல்லூரிக்குப் போவார். சிசிலிக்கு விமானத்தில் போகும்போதுகூட மடியில் பாடப்புத்தகம்தான்.

அவர் போய்ச் சேர்ந்தபோது, அவர் ஓட்டவிருந்த கொன்னாட் அணியின் கார்கள் வந்திருக்கவில்லை. இங்கிலாந்திலிருந்து சாலை வழியாக வந்துகொண்டிருந்தன. சும்மா இருக்காமல் ஒரு ஸ்கூட்டரை வாடகைக்கு எடுத்து, அந்த ஐந்தரை கிலோமீட்டர் தடத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். இந்த ஒரு தகவல்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. இப்படி மெதுவாகப் பார்த்துப் படிப்பதால் வேகம் வருமா? செய்து பார்த்துவிடலாம் என்று இறங்கினேன்.

கணினியில் கார் ஓட்டிப் பார்க்கும் என் சிமுலேட்டரில் ரசிகர் ஒருவர் உருவாக்கிய சிராகூஸ் தடம் இருக்கிறது. ஸ்கூட்டர் கிடையாது. அதனால் ஒரு குட்டி ஃபியட்டை எடுத்து, வேகமாகப் போவதில்லை என்ற கட்டுப்பாட்டோடு ஓட ஆரம்பித்தேன். நேரம் காட்டும் கடிகாரத்தைத் திரையிலிருந்து எடுத்துவிட்டேன். சில மாலைகள் இதிலேயே போயின.

மெதுவாகப் போனால் கண்ணில் படுவது சுவர்கள்தான். அன்றாடம் மக்கள் போய்வரும் சாலையை அடைத்து நடத்திய பந்தயம் அது. இன்றைய தடங்களில் வழுக்கினால் ஓடி நிற்க இடம் இருக்கும், இங்கே ஓரத்திலேயே கல். எந்தச் சுவர் எங்கே முடிகிறது, அதன் பின்னால் வளைவு எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதையெல்லாம் மனதில் ஏற்றிக்கொண்டேன். வேகமாகப் போகும்போது இவற்றைத் தேட நேரமில்லை. முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்து அந்தக் காலத்து இத்தாலியப் பந்தயக் காரான மசெராட்டி 250எஃப். கொன்னாட் என்னிடம் இல்லை. ஆனால் அன்று ப்ரூக்ஸ் எதிர்கொண்ட லூயிஜி முஸ்ஸோவும் வில்லொரேசியும் ஓட்டியது மசெராட்டிதான். முன்னால் நீண்ட பானெட், மெல்லிய டயர்கள், டிரம் பிரேக். வளைவில் ஸ்டியரிங்கைவிட ஆக்ஸிலரேட்டரால்தான் இந்தக் காரைத் திருப்ப வேண்டியிருக்கிறது. பிரேக்கைத் தாமதமாகப் பிடித்து நேரம் மிச்சம் பிடிக்கலாம் என்று முயன்ற சுற்றுகள் எல்லாமே மெதுவாகத்தான் முடிந்தன. சீக்கிரமே பிரேக் பிடித்து, காரை அமைதிப்படுத்தி, வளைவு பாதி இருக்கும்போதே ஆக்ஸிலரேட்டரை மெல்லத் திறந்த சுற்றுகளில் நேரம் தானாகக் குறைந்தது. இப்போது இரண்டு நிமிடம் ஒன்பது வினாடியில் நிற்கிறேன்.

ப்ரூக்ஸின் மிக வேகமான சுற்று 2 நிமிடம் 0.2 வினாடி. சராசரி மணிக்கு 160 கிலோமீட்டருக்கும் மேல்!

கொன்னாட்டின் பங்கையும் சொல்லியாக வேண்டும். இங்கிலாந்தின் சர்ரே மாவட்டத்தில் இருந்த, பணத்துக்குத் திண்டாடிய சின்ன நிறுவனம் அது. நான்கு சிலிண்டர் கொண்ட 2.5 லிட்டர் ஆல்டா இன்ஜின். ஆனால் டன்லப் டிஸ்க் பிரேக் இருந்தது. கியர்பாக்ஸ் ‘ப்ரீசெலக்டர்’ வகை: வேண்டிய கியரை முன்கூட்டியே தேர்ந்து வைத்துவிட்டு, தேவைப்படும் நேரத்தில் காலால் பெடலை அழுத்தினால் போதும். இதன் அருமை என் கியர் ஷிஃப்டரோடு மல்லுக்கட்டியபோதுதான் புரிந்தது. கொண்டை ஊசி வளைவுக்கு முன் பிரேக் பிடிக்கும் அந்த நொடியில் வலது கை ஸ்டியரிங்கை விட்டுப் போக வேண்டியிருக்கிறது. ப்ரூக்ஸுக்கு இரண்டு கையும் ஸ்டியரிங்கிலேயே இருந்திருக்கும்.

பந்தயத்தில் மூன்றாம் இடத்திலிருந்து கிளம்பி, ஒவ்வொருவராகத் தாண்டி, 70 சுற்று முடிவில் முஸ்ஸோவைவிட ஏறக்குறைய 50 வினாடி முன்னால் வந்து சேர்ந்தார். பிரிட்டிஷ் ஓட்டுநர் பிரிட்டிஷ் காரில் ஒரு கிராண்ட் பிரியை ஜெயித்தது 1924-இல் ஹென்றி சீக்ரேவுக்குப் பிறகு அதுவே முதல் முறை. உலகச் சாம்பியன்ஷிப் கணக்கில் வராத பந்தயம் என்று சிலர் ஒதுக்குவதை நான் ஏற்கமாட்டேன். இத்தாலியர்களின் சொந்த மண்ணில், அவர்களின் சிறந்த கார்களை, பகுதிநேர ஓட்டுநர் ஒருவர் வென்ற பந்தயம் இது. ஜெயித்தவர் திரும்பிப் போய்ப் பரீட்சைக்குப் படித்தார், பட்டமும் வாங்கினார். முழுநேரப் பந்தயம் அதன் பிறகுதான். உலகச் சாம்பியன்ஷிப்பில் ஆறு வெற்றிகள்.

அடுத்து, 1958-இல் வான்வால் காரில் அவர் ஜெயித்த பெல்ஜியத்தின் பழைய ஸ்பா தடம். ஒரு சுற்றே 14 கிலோமீட்டர். குட்டி ஃபியட்டில் இரண்டு சுற்றுப் போய் வந்துவிட்டேன். வேகமான காரைத் தொட இன்னும் நாளாகும்.