ஒன்றரைக் கட்டை மாப்பிள்ளை

நேற்று ராத்திரி ஒன்பதரை மணிக்கு எங்கள் வீட்டு ஹாலில் பஞ்சாயத்து கூடியது. பிராது கொடுத்தது பாப்பா. குற்றவாளி நான். நாட்டாமை, முட்டிவலிக்கு வைத்தியம் பார்க்கக் கும்பகோணத்திலிருந்து வந்திருக்கும் மாமியார். சொம்பு மட்டும்தான் இல்லை. அந்த இடத்தில் ஒரு டம்ளர் சுக்குக் காபி இருந்தது.

விஷயம் கிடார். 2020 லாக்டவுனில் ஊரே டல்கோனா காபி அடித்துக்கொண்டிருந்தபோது நான் வாங்கியது. வாங்கிய நாளிலிருந்து சுவரில்தான் தொங்கியது. அதன் கழுத்தில் என் மனைவி தங்கமணி ஈரத்துண்டு காயப்போட்டதைப் பற்றி ஏற்கனவே போதுமான அளவு புலம்பியிருக்கிறேன்.

அது சுவரிலேயே தொங்கியதற்கு என் சோம்பேறித்தனம் மட்டும் காரணமில்லை. கீபோர்டு என்றால் கறுப்பு, வெள்ளை என்று பிடித்துக்கொள்ள ஏதோ ஒரு அடையாளம் உண்டு. கிடாரின் கழுத்தோ மடிப்பாக்கத்துக் குறுக்குத் தெரு மாதிரி. எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், ஒன்றுக்கும் போர்டு இருக்காது. ஆறு தந்தி, பன்னிரண்டு ஃப்ரெட் (கழுத்தின் குறுக்கே இருக்கும் மெட்டு) என்று வைத்தாலே எழுபத்திரண்டு இடம். எழுபத்திரண்டு மேளகர்த்தா ராகத்தையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால் ஒப்பிக்கிறவர்கள் இருக்கும் நாட்டில், எனக்கு இந்த எழுபத்திரண்டு இடம் மூன்று வருஷமாக மண்டையில் ஏறவில்லை.

போன மாசம்தான் அந்த ஸ்டிக்கர் கண்ணில் பட்டது. 249 ரூபாய். ஃப்ரெட்டுக்கு ஒரு பட்டை, பட்டைக்கு ஆறு எழுத்து, தந்திக்கு ஒன்றாக அங்கே வரும் ஸ்வரத்தின் இங்கிலீஷ் பெயர். ஸி என்றால் சிவப்பு, டி ஆரஞ்சு, ஈ மஞ்சள், எஃப் பச்சை என்று போகும். ஷார்ப் என்கிற நடுவாந்தர அரை ஸ்வரமெல்லாம் சாம்பல் நிறம். ஒட்டிவிட்டால் கிடாரின் கழுத்து, ஆடிமாசத்து அம்மன் கோயில் தெரு மாதிரி ஜெகஜோதியாக இருக்கும். எப்படி ஒட்டுவது என்று ஒரு காகிதமும் கூடவே வந்தது. ஒரு பக்கம் சீன மொழி. மறுபக்கம், இங்கிலீஷ் என்று அவர்கள் நம்பும் ஒரு மொழி.

பட்டைகளுக்கு 0 முதல் 12 வரை எண் போட்டிருந்தது. இருபது வருஷம் ஜாவா புரோகிராம் எழுதிக் குப்பை கொட்டியவனுக்கு முதலாவது என்றாலே சைபர்தான். சைபர் பட்டையை எடுத்து முதல் ஃப்ரெட்டில் ஒட்டினேன். அடுத்ததில் ஒன்று. அதற்கடுத்ததில் இரண்டு. இப்படியே வரிசையாக, ஒரு குமிழ்கூட வராமல், மொபைலுக்குக் கண்ணாடி ஒட்டுகிற பையன்போல அவ்வளவு நேர்த்தியாக ஒட்டி முடித்தேன்.

அப்புறம் என்ன, வாசிப்பு பிய்த்துக்கொண்டு போனது. ஐந்தாவது தந்தியில் சிவப்பு, ஆரஞ்சு. நாலாவதில் மஞ்சள், பச்சை, நீலம். மூன்றாவதில் மிச்சம். ஸி மேஜர் ஸ்கேல், அதாவது நம்ம சங்கராபரணம், பத்தே நாளில் விரலுக்கு வந்துவிட்டது. ஒரே ஒரு சிக்கல், கரண்ட் போனால் வித்வத்தும் போய்விடும். அன்றைக்கு எட்டு மணி பவர்கட்டில் என்னால் ஒரு ஸா கூடப் பிடிக்க முடியவில்லை. இன்வெர்ட்டர் வந்ததும் சங்கீதமும் வந்தது. அப்போதே உஷாராகியிருக்க வேண்டும்.

இப்படியிருக்கையில் பாப்பாவும் நானும் சேர்ந்து வாசிக்கலாம் என்று உட்கார்ந்தோம். அவள் கீபோர்டில் ஸி, நான் கிடாரில் ஸி. முதல் ஸ்வரத்திலேயே, ஒரே முட்டுச்சந்தில் இரண்டு கட்சிக்காரர்கள் மைக் கட்டினாற்போல ஒரு சத்தம். தங்கமணி அடுக்களையிலிருந்து ஓடிவந்து, "குக்கர் கேஸ்கட் போயிடுச்சா?" என்றாள்.

என்னுடையது சரி என்பதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. டியூனர் ஆறு தந்திக்கும் பச்சை விளக்கு காட்டியிருக்கிறது. போதாததற்கு எழுத்தில் வேறு இருக்கிறது. எனவே கோளாறு கீபோர்டில்தான் என்று தீர்ப்பெழுதி, அதில் எல்லா ஸ்வரத்தையும் மொத்தமாக அரை அரையாக ஏற்றி இறக்கும் ட்ரான்ஸ்போஸ் பொத்தானை ஒரு தட்டுத் தட்டினேன். ப்ளஸ் ஒன்று. வாசித்துப் பார்த்தால் இரண்டும் அப்படியே ஒட்டிக்கொண்டன! "பார்த்தியா? இத்தனை நாளா உன் கீபோர்டு தப்பா இருந்திருக்கு." குழந்தை நம்பியது. அப்பா சொன்னால் நம்புகிற வயசு இன்னும் ஆறு மாசத்துக்கு இருக்கும் என்று நினைக்கிறேன். நினைத்தேன்.

பத்து நாள் அவள் அதிலேயே சாதகம் செய்திருக்கிறாள். நேற்று சாயங்காலம் கீபோர்டு வகுப்பில், "மிஸ், உங்க கீபோர்டு அரை ஸ்வரம் கம்மியா இருக்கு" என்று சொல்லிவிட்டாள். மிஸ் பதில் ஒன்றும் சொல்லவில்லையாம். நோட்டில் எழுதி அனுப்பியிருந்தார். அதுதான் பிராது.

மாமியார் பையிலிருந்து சுருதிப்பெட்டியை எடுத்தார். இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். கல்யாணமாகிப் பதினைந்து வருஷத்தில் அவர் என்னோடு நேராகப் பேசியதில்லை. எல்லாம் தங்கமணி வழியாகத்தான். சாப்பிட வரச் சொல்வதானாலும் சரி, வீடு தீப்பிடித்தாலும் சரி.

பெட்டியில் சுருதியை ஒரு கட்டைக்கு, அதாவது ஸிக்கு, வைத்தார். ட்ரான்ஸ்போஸ் பொத்தானை அணைத்துவிட்டுப் பாப்பா வாசித்தாள், சேர்ந்தது. நான் வாசித்தேன், காது கூசியது. முள்ளை ஒன்றரைக்குத் திருகினார். இப்போது நான் தேனாக இழைந்தேன்.

"ஏண்டி, அவர் ஒரு கட்டைன்னு சொல்லிட்டு ஒன்றரைக் கட்டையில இல்ல வாசிக்கிறார்?"

மூன்றடி தூரத்தில் இருந்த எனக்குத் தங்கமணி அதை மொழிபெயர்த்தாள். "நீங்க வாசிக்கிறது மொத்தமும் தப்பாம்."

எங்கள் ஊர்க் கணக்கில் ஸி ஒரு கட்டை, டி இரண்டு, ஈ மூன்று, எஃப் நாலு என்று போய் பி ஏழு. கறுப்புக் கட்டையெல்லாம் அரை. ஈ-க்கும் எஃப்-க்கும் நடுவில் கறுப்பு இல்லாததால் மூன்றரைக் கட்டை என்று ஒன்று கிடையாது. அதேபோல ஏழரைக் கட்டையும் கிடையாது. கட்டையில் இல்லாத அந்த ஏழரை, நேற்று என் எதிரே சுக்குக் காபி குடித்துக்கொண்டிருந்தது.

கிடாரைக் கொண்டுவரச் சொல்லி (தங்கமணி வழியாக) மடியில் படுக்கவைத்துக்கொண்டார். கல்யாணத்துக்கு முன்னால் வர்ணம் என்கிற உருப்படி வரைக்கும் வீணை கற்றவர். அந்த வீணை இப்போது அவர் தம்பி வீட்டுப் பரணில் மெழுகு உதிர்ந்து கிடக்கிறது. முதல் தந்தியைச் சும்மா ஒரு மீட்டு மீட்டினார். பிறகு 12 என்று போட்ட பட்டையில் அழுத்தி இன்னொரு மீட்டு. முகம் சுளித்தது.

"தந்தி சரிபாதியில வந்தாத்தான் மேல் ஷட்ஜம், அதான் மேல் ஸா. வீணையிலயும் பன்னண்டாம் மெட்டு, இதுலயும் பன்னண்டாம் மெட்டாத்தான் இருக்கணும். இது பாதியைத் தாண்டி உக்காந்திருக்கு." விரலை நகர்த்தி 11 என்ற பட்டைமேல் வைத்தார். மீட்டினார். கணீரென்று மேல் ஸ்தாயி.

யார் வழியாகவும் இல்லாமல், நேராக என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்:

"மாப்பிள்ளை, அந்தப் பதினொண்ணை உரிங்க."

தங்கமணி வாயைத் திறந்துவிட்டு, மொழிபெயர்க்க ஒன்றுமில்லாததால் மூடிக்கொண்டாள். உரித்தேன். அடியிலிருந்து இரண்டு வெள்ளைப் புள்ளிகள் என்னை முறைத்தன. பன்னிரண்டாவது ஃப்ரெட் இதுதான் என்று கிடார் செய்தவன் பதித்து வைத்த புள்ளிகள். அதன்மேல்தான் ஒட்டியிருக்கிறேன். சைபர் பட்டை தந்தியை அழுத்தாமல் சும்மா மீட்டும்போது வரும் ஸ்வரத்துக்காம். ஃப்ரெட்டுக்கே வரக்கூடாதாம். மொத்தக் குடும்பமும் ஒரு வீடு தள்ளிக் குடியேறியிருந்ததால் உள்ளே யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஆபீசில் இந்தத் தப்புக்கு ஜூனியர் பையன்களை எத்தனை முறை திட்டியிருப்பேன்!

பதின்மூன்று பட்டையும் உரித்தாயிற்று. பசை போகத் தேங்காயெண்ணெய் தேய்த்ததில் கிடார் இப்போது தலைக்குக் குளிக்கப் போகிற மாதிரி இருக்கிறது. புதிதாக ஒட்டலாமே என்றதற்கு, "காது இருக்குல்ல?" என்று பதில் வந்தது. அதுவும் நேராக.

அதுதான் இப்போது பிரச்சினை. பதினைந்து வருஷம் தங்கமணி எவ்வளவு வடிகட்டியிருக்கிறாள் என்று இன்றைக்குக் காலையிலிருந்துதான் புரிகிறது. ஐந்தரைக்கு எழுப்பி, லைட்டைப் போடாமல் உட்காரவைத்து, ஆரம்பப் பாடமான சரளி வரிசையை மூன்று காலமும், அதாவது மூன்று வேகத்திலும், வாசிக்கச் சொன்னார். இரண்டாம் காலத்தில் தடுக்கினேன். "பரவாயில்ல, மறுபடி ஸாவுலேருந்து" என்றார். இருட்டில் முகம் தெரியவில்லை. இடது கை மட்டும் புடவைத் தலைப்பின்மேல், இல்லாத மெட்டுகளில் என்னோடு கூடவே ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

முட்டிவலி எப்போது சரியாகும் என்று டாக்டரைக் கேட்டேன். இன்னும் இரண்டு மாசமாவது ஆகுமாம்.