அட்லஸில் நைந்த இடம்

என் பழைய அட்லஸில் கிரீன்லாந்துக்கு மேலே மட்டும் தாள் நைந்து பஞ்சாகிவிட்டது. உலகின் வடகோடி நிலம் எதுவோ அதற்கு அங்கே பென்சிலால் ஒரு புள்ளி வைத்துப் பெயர் எழுதுவது என் வழக்கம். புள்ளிதான் ஓரிடத்தில் நிற்பதில்லை.

முதலில் எழுதியது காஃபிக்ளுபன் என்ற தீவின் பெயர். 1921-இல் அங்கே கால் வைத்த டேனிஷ் நிலவியலாளர் லௌகே கோக், கோபன்ஹேகன் அருங்காட்சியகத்தில் கூடும் காபிக் குழுவின் பெயரை அதற்குச் சூட்டிவிட்டார். ஒரு வாய் காபி கிடைக்காத இடமாகப் பார்த்து!

1978-இல் அதை அளக்கப் போன டேனிஷ் நில அளவைக் குழு, 1,360 மீட்டர் வடக்கே இன்னொரு சரளை மேட்டைக் கண்டது. நீளம் 15 மீட்டர், அகலம் 8. நான்கு லாரிகளை நிறுத்தினால் நிரம்பிவிடும். 1909-இல் அமெரிக்கரான ராபர்ட் பியரியின் வட துருவப் பயணத்தில் கடைசிக் கட்டம் வரை உடன்சென்ற, கிரீன்லாந்தின் இனுயிட் பழங்குடியைச் சேர்ந்த ஊடாக்கின் பெயரை அதற்கு வைத்தார்கள். எனக்கு மெத்த திருப்தி. காபிக் குழுவை அழித்துவிட்டு ஊடாக் என்று எழுதினேன். பின்னாளில் தேடிப் போனவர்களுக்கு அந்த மேடு தட்டுப்படவில்லை.

2021-இல் கோபன்ஹேகன் பல்கலைக்கழகக் குழு ஒன்று ஹெலிகாப்டரில் போய், ஊடாக்கில் இறங்கியதாகவே நினைத்து மண் மாதிரி எடுத்தது. பிறகு பார்த்தால் அது வேறு மேடு! 60 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், காலடியில் சேறும் சரளையும். 'கெகர்தாக் அவன்னார்லெக்' என்ற பெயரை முன்மொழிந்தார்கள். கிரீன்லாந்து மொழியில் வடகோடித் தீவு. அவ்வளவு நீளப் பெயருக்குத் தாளில் இடமில்லை, கடலுக்குள் வளைத்து எழுதினேன்.

மறு ஆண்டே கடலாழத்தை அளந்து பார்த்துவிட்டார்கள். மேட்டுக்கு அடியில் பாறை இல்லை, 25 மீட்டருக்கும் கூடுதலான ஆழத்தில் தரைதட்டி நின்ற பனிக்கட்டிதான் இருந்தது. பனியாற்றிலிருந்து உடையும்போதே சரளையைத் தலையில் சுமந்து வந்திருக்கிறது. மேலே நிற்பவன் காலில் மண் ஒட்டும்போது தீவு என்று நம்பாமல் என்ன செய்வான்? ஊடாக்கும் அதே ரகம்தான் என்கிறார்கள். துருவத்தை நோக்கிப் போனவர் பெயருக்குப் பனிக்கட்டி, காபி குடித்தவர்கள் பெயருக்குப் பாறை. இந்தப் பங்கீடு எனக்கு இன்னும் செரிக்கவில்லை.

காஃபிக்ளுபன் என்று மறுபடியும் எழுதியிருக்கிறேன். இம்முறை பேனாவால்; பென்சில் முனை பட்டால் தாள் கிழிகிறது.