இலங்கை ரூபாய்க்கு என்னதான் ஆச்சு

மதுரை ஆனையூர் இலங்கைத் தமிழர் முகாம்ல இருக்குற ஒரு அக்காகிட்ட 2022ல எப்ப பேசினாலும் பேச்சு மன்னார்ல இருக்குற அவங்க தங்கச்சி வீட்டு பால்மா பாக்கெட்டுலதான் வந்து நிக்கும். மார்ச்ல 400 கிராம் பாக்கெட் ஒரே தடவையில 250 ரூபா ஏறி 790 ஆச்சு, "பிள்ளையளுக்கு வெறும் தேத்தண்ணிதான் குடுக்கிறாளாம் தம்பி"ன்னு சொல்லுவாங்க, கேக்கவே மனசு கனத்துடும்.

கொரோனாவால டூரிசம் படுத்ததைத்தான் எல்லாரும் சொல்றாங்க, அது உண்மைதான், ஆனா எனக்கு பெரிய கோபம் 2019 கடைசியில வாட் வரியை 15ல இருந்து 8 சதவீதமா குறைச்சது மேலதான், அரசு வருமானம் சரிஞ்சு அந்த ஓட்டையை அடைக்க மத்திய வங்கி நோட்டு அடிச்சு குடுத்துச்சு, அதே நேரம் டாலர் 200 ரூபா பக்கமே நிக்கணும்னு புடிச்சு வெச்சு நாட்டோட டாலர் கையிருப்பையும் கரைச்சாங்க. நடுவுல 2021ல ரசாயன உரத்துக்கு திடீர் தடை வேற, நெல் விளைச்சலே விழுந்துடுச்சு.

2022 மார்ச்ல புடிய விட்டாங்க, ரெண்டு மாசத்துல டாலர் 360கிட்ட போயிடுச்சு. ஏப்ரல்ல வெளிநாட்டு கடனை கட்ட முடியலன்னு அறிவிப்பு. செப்டம்பர்ல கொழும்பு பணவீக்கம் 70 சதவீதத்துக்கு பக்கத்துல, சாப்பாட்டு சாமான் மட்டும் 95கிட்ட.

தமிழ்நாட்டுலருந்து அரிசி, பால்மா, மருந்துன்னு கப்பல்ல போச்சு, ரொம்ப நல்ல காரியம். அப்புறம் பணவீக்கம் இறங்கிடுச்சுன்னு நியூஸ்ல சொன்னாங்க, ஆனா ஏறுற வேகம்தான் குறைஞ்சது, விலை பழைய இடத்துக்கு வரல, அந்த தங்கச்சி வீட்டுக்காரர் கூலியும் அதுக்கேத்த மாதிரி ஏறல.