கோணல் வீடுகளும் ஒரு கருமுள்ளும்

கிழக்கு இங்கிலாந்தில் சஃபோக் பக்கம் எல்லாம் தட்டை நிலம், சைக்கிளுக்கு சுகமாக இருக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். என்னிடமும் அப்படித்தான் சொன்னார்கள். அந்த மாவட்டத்திலேயே உயரமான இடம் கடல்மட்டத்திலிருந்து 128 மீட்டர்தான் என்பதால் கணக்குப்படி அவர்கள் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அதை மொத்தமாக ஒரே மேடாகக் கொடுக்காமல் இருபது மீட்டர் ஏற்றம், இருபது மீட்டர் இறக்கம், மறுபடி ஏற்றம் என்று நாள் முழுக்கச் சில்லறை மாற்றிக் கொடுக்கிறார்கள். சாயங்காலம் தொடை சொல்லும்.

போன அக்டோபர் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை லண்டன் லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் சைக்கிளோடு ரயில் ஏறி, மார்க்ஸ் டேயில் மாறி, சட்பரியில் இறங்கினேன். மார்க்ஸ் டேயிலிருந்து சட்பரிக்கு ஒற்றைப் பாதை. வழியில் சாப்பல் என்ற இடத்தில் 32 வளைவுகள் கொண்ட செங்கல் பாலத்தின் மேல் ரயில் போகிறது. உள்ளே உட்கார்ந்திருப்பவருக்குப் பாலம் தெரியாது, கீழே மேய்கிற மாடு திடீரென்று பொம்மை மாதிரி சின்னதாகும்போதுதான் உறைக்கும். சட்பரி ஓவியர் கெய்ன்ஸ்பரோ பிறந்த ஊர், சந்தைத்திடலில் சிலையாக நிற்கிறார், இன்றைக்கும் அங்கே பட்டு நெய்கிறார்கள். நான் நிற்கவில்லை. ஒன்பதரை மணி வெயில் அந்த ஊரில் கிடைப்பதே பெரிய விஷயம்.

திட்டம் இதுதான்: சட்பரி, ஆக்டன், லாவனம், செல்ஸ்வர்த், லிண்ட்ஸி, கெர்சி, பாக்ஸ்ஃபர்ட், திரும்பவும் சட்பரி. சுற்றிவந்தால் ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர். பந்தயக்காரர்களுக்கு இது காலைக் காப்பிக்கு முன் முடிகிற தூரம். எனக்கு ஒரு நாள்.

இந்த லேன்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு கார் மட்டும் போகிற அகலம், இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு உயிர்வேலி, நடுவில் தாரைப் பிளந்துகொண்டு புல். காரணமே இல்லாமல் சட்டென்று தொண்ணூறு டிகிரி திரும்பும். உண்மையில் காரணம் உண்டு. சாலைக்கு முன்னாலேயே வயல் இருந்தது, சாலைதான் வரப்பைச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறது. இதில் வேடிக்கை என்னவென்றால் இந்த மாதிரி லேன்களில் பெரும்பாலானவற்றுக்குச் சட்டப்படி வேக வரம்பு மணிக்கு 60 மைல். வெள்ளை வட்டத்தில் கறுப்புக் கோடு போட்ட பலகை, அதற்குப் பின்னால் எதிரே வருவது தெரியாத வளைவு! ஆனால் ஆக்டனிலிருந்து லாவனம் போகும்வரை என்னைக் கடந்தவை இரண்டு கார்கள்தான், இரண்டுமே வளைவு முடியும்வரை பின்னால் பொறுமையாக வந்தன.

குதிரைக்காரர்கள் விஷயம் வேறு. சைக்கிளில் சத்தம் வராததால் பின்னாலிருந்து போனால் குதிரை மிரண்டுவிடும். தூரத்திலேயே பெடலை நிறுத்தி, "குட் மார்னிங்" என்று கொஞ்சம் உரக்கச் சொல்ல வேண்டும். மணி அடிக்கக் கூடாது, எனக்கு இது ஒரு பாட்டி குதிரை மேலிருந்தபடியே நின்று நிதானமாகச் சொல்லிக்கொடுத்த பாடம். குரல் கேட்டால் வருவது மனிதன் என்று குதிரைக்குத் தெரிந்துவிடுமாம்.

லாவனத்துக்குள் நுழைந்ததும் முதலில் தோன்றியது, யாரோ ஊரைப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்கியிருக்கிறார்கள் என்பதுதான். ஒரு வீடும் நேராக இல்லை. மாடி இடதுபக்கம் சாய்ந்தால் கூரை வலதுபக்கம் சாய்கிறது, ஜன்னல்கள் இரண்டுக்கும் பொதுவாக ஒரு கோணத்தில் நிற்கின்றன. காய்ந்த ஓக் மரத்தில் உளி இறங்காது என்பதால் அந்தக் காலத்துத் தச்சர்கள் பச்சையாகவே வெட்டிச் சட்டம் கட்டிவிட்டார்கள். வீட்டுக்காரர் குடிபுகுந்த பிறகு மரம் தன் பாட்டுக்குக் காய்ந்து, முறுக்கி, இந்த நிலைக்கு வந்திருக்கிறது. சில வீடுகளுக்கு வெளிறிய இளஞ்சிவப்புப் பூச்சு, சஃபோக் பிங்க் என்றே அதற்குப் பெயர். சந்தைத்திடலில் இருக்கும் கில்ட்ஹால் 1530 வாக்கில் கட்டியது. ஒரு சமயச் சங்கத்தின் கூடமாகத் தொடங்கி, சிறையாக, ஏழைகளை அடைத்து வேலை வாங்கிய விடுதியாக எல்லாம் இருந்துவிட்டு இப்போது அருங்காட்சியகம்.

இவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது? துணி. லாவனத்தின் நீலக் கம்பளித் துணி கடல் தாண்டிப் போனது. 1520களின் வரிக்கணக்கில் இங்கிலாந்தின் முதல் இருபது பணக்கார ஊர்களுக்குள் இது வருகிறது, இன்றைக்கு இரண்டாயிரம் பேர்கூட இல்லாத ஊர். அந்த நீலம் வோட் என்ற செடியின் இலையிலிருந்து எடுத்தது. பிற்பாடு நம் பக்கத்து அவுரி கப்பலேறி வந்து ஐரோப்பா முழுக்க வோட் செடியின் பிழைப்பில் மண்ணைப் போட்டது தனிக்கதை.

தாமஸ் ஸ்பிரிங் என்று ஒரு துணி வியாபாரி, 1523இல் இறந்தவர். தேவாலயக் கோபுரத்துக்குப் பணம் கொடுத்தவர்களில் முக்கியமானவர். 141 அடி. அதன் உச்சியைச் சுற்றி அவர் குடும்பச் சின்னத்தைத் திரும்பத் திரும்பச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். கழுத்தை அண்ணாந்து பார்த்தபோது எனக்கு எங்கள் ஊர்க் கோவில் டியூப்லைட்தான் ஞாபகம் வந்தது. வெளிச்சம் வெளியே வராத அளவுக்கு அதன் மேல் 'உபயம்' எழுதியிருக்கும்.

அவர் போய் இரண்டு வருடத்தில், 1525இல், அரசர் எட்டாம் ஹென்றியின் பிரான்ஸ் போருக்காக அவருடைய அமைச்சர் வூல்ஸி ஒரு வரி போட்டார். பெயர் 'நட்புக் கொடை', கொடுக்காவிட்டால் நட்பு இருக்காது. வரி கட்டினால் கூலி கொடுக்க முடியாது என்று துணி முதலாளிகள் நெசவாளிகளை நிறுத்த, ஆயிரக்கணக்கான பேர் லாவனத்தில் திரண்டார்கள். தேவாலய மணி அடித்தால் சுற்றுவட்டாரமே கிளம்பிவிடும் என்று யாரோ முன்கூட்டியே மணிகளின் நாக்கைக் கழற்றி வைத்ததாக ஒரு கதை உண்டு. கடைசியில் அரசர் வரியைக் கைவிட்டார்.

ஆனால் ஊரைக் கவிழ்த்தது வரியில்லை. அந்த நூற்றாண்டின் பிற்பாதியில் நெதர்லாந்துப் பக்கமிருந்து அகதிகளாக வந்த நெசவாளிகள் கோல்செஸ்டரில் லேசான, விலை குறைந்த துணிகளை நெய்ய ஆரம்பித்தார்கள். கனத்த பழைய துணியை யார் வாங்குவார்கள்? லாவனம் படுத்தது. வீட்டை இடித்துப் புதுசாகக் கட்டக் கையில் காசில்லாமல் அப்படியே இருந்தார்கள், இன்றைக்கு நாம் ஓடி ஓடிப் படம் எடுப்பது அந்தக் கையறு நிலையைத்தான். ஒரு சீஸ் ஸ்கோனும் டீயுமாக உட்கார்ந்து இதையே யோசித்துக்கொண்டிருந்ததில் முக்கால் மணி நேரம் போய்விட்டது. இந்த லேன்களும் அதே ரகம். அந்தப் பக்கம் பெரிதாக எதுவும் வரவில்லை, அதனால்தான் சைக்கிளுக்கு மிஞ்சியிருக்கின்றன.

சரி, முள்ளுக்கு வருகிறேன். பறவைகள் கூடு கட்டும் காலம் என்பதால் மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் கடைசிவரை உயிர்வேலியை வெட்டக் கூடாது. செப்டம்பர் பிறந்ததும் டிராக்டரின் பக்கவாட்டில் இரும்புக் கையை நீட்டிக்கொண்டு வந்து வேலியை அடித்து நொறுக்குவார்கள், துண்டுகள் எல்லாம் சாலையில். போதாக்குறைக்குச் சர்க்கரை எடுக்கிற பீட்ரூட் அறுவடையும் அப்போதுதான், வயலிலிருந்து வண்டிகள் இழுத்துவரும் களிமண் சாலையில் கேசரி மாதிரி அப்பிக் கிடக்கும். பிரென்ட் எலி என்ற கிராமம் தாண்டி ஒரு மேட்டில் பின்சக்கரம் மெத்துமெத்தென்று ஆனது. டயரைக் கழற்றி உள்பக்கமாகக் கட்டைவிரலை மெதுவாக ஓட்டிக்கொண்டே வந்தேன். பாதிச் சுற்று வந்ததும் சுருக். இரண்டு மில்லிமீட்டர்கூட இராது, கறுப்பு, ஊசி முனை. பிளாக்தார்ன் என்ற வேலிச்செடியின் முள். இன்னொரு வேலிச்செடியான ஹாதார்ன் முள்ளாவது முழுசாக வரும், இது நுனி உடைந்து ரப்பருக்குள்ளேயே தங்கிவிடும். நகத்தால் வரவில்லை, சாவியால் வரவில்லை, கடைசியில் பல்லால் கடித்து இழுத்தேன். அதில் மாட்டுச்சாணமும் இருந்திருக்கும். வேறு வழியில்லை.

செல்ஸ்வர்த்தில் பிரெட் ஆற்றின் மேல் கூன்விழுந்த குட்டிப் பாலம், பூத்தொட்டி, ஒரு பூனை. அதற்கு மேல் அங்கே ஒன்றும் நடக்கவில்லை.

அடுத்த முச்சந்தியில் பழைய கைகாட்டிக் கம்பம். இவற்றில் இன்னும் கால், அரை, முக்கால் மைல் கணக்குத்தான், நம் தாத்தா வாய்ப்பாடு மாதிரி. 1940இல் ஜெர்மன்காரன் இறங்கினால் வழி தெரியக் கூடாது என்று நாடெங்கும் இந்தக் கம்பங்களைப் பிடுங்கி வைத்தார்களாம். வேலிகளுக்கு நடுவே இரண்டு முறை வழி தப்பிய எனக்கு அது நல்ல யோசனையாகவே பட்டது. லிண்ட்ஸிக்கு அருகே சாலையோரம் ஓலைக்கூரை போட்ட 13ஆம் நூற்றாண்டுச் சிற்றாலயம். நடுவில் பல காலம் அதைத் தானியக் களஞ்சியமாக வைத்திருந்தார்கள். உள்ளே ஈர மண் வாசனை, யாருமில்லை.

அப்புறம் கெர்சி. முரட்டுக் கம்பளி ஒன்றுக்குத் தன் பெயரையே கொடுத்ததாகச் சொல்லப்படும் ஊர். மேட்டில் தேவாலயம், அங்கிருந்து ஒரே தெரு சரிந்து இறங்கி, அடியில் ஓடை நேராகச் சாலையின் குறுக்கே ஓடுகிறது. பாலம் உண்டு, நடப்பவர்களுக்கு. கணுக்கால் ஆழம்தான், கார்கள் போகின்றன, நான் ஏன் போகக் கூடாது? நீருக்கடியில் பச்சையாகத் தெரிந்தது பாசி என்று முன்சக்கரம் வழுக்கிய பிறகுதான் புரிந்தது. காலணியோ பெடலோடு பூட்டிக்கொள்கிற வகை. மரம் சாய்கிற மாதிரி மெதுவாக, முழு விவரத்தோடு, இடதுபக்கமாக விழுந்தேன். வாத்துகள்கூட நகரவில்லை. பக்கத்தில் நாயோடு நின்றிருந்த பெரியவர், வாரத்துக்கு ஒருத்தர் விழுவதுண்டு என்று ஆறுதல் சொன்னார், ஹேண்டில்பாரைப் பிடித்துத் தூக்கியும் விட்டார்.

எதிர்ப்பக்க ஏற்றத்தைத் தள்ளிக்கொண்டே ஏறினேன். பாக்ஸ்ஃபர்ட் வழியாகச் சட்பரிவரை காலுறை சளக் சளக் என்று தாளம் போட்டது. ரயிலில் எதிர் இருக்கைப் பையன் என் காலடியில் தேங்கிய தண்ணீரையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு வந்தான்.

செவ்வாய்க்கிழமை காலை அலுவலகம் கிளம்பும்போது பார்த்தால் பின்சக்கரம் தரையோடு தரையாக இருந்தது. டயரைக் கழற்றிக் கட்டைவிரலை ஓட்டினேன். முதல் முள்ளுக்கு நான்கு விரற்கடை தள்ளி இன்னொன்று.