நீலக்குறிஞ்சித் தரவு நாட்குறிப்பு: மே 2025

மே 6, செவ்வாய், சென்னை

ஐயுசிஎன் (பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம்) வெளியிடும் சிவப்புப் பட்டியலில் 2024இல் நீலக்குறிஞ்சிக்குக் கிடைத்த வகை 'அழிவாய்ப்பு இனம்', அளவுகோல் ஏ2சி. பத்தாண்டு கடந்தால் ஒரு மதிப்பீடு பழையதாகிவிடும். மூணாறு மலைகள் அடுத்து 2030இல் பூக்கும். அதற்குள் தமிழ்நாட்டுப் பக்கத்துத் தரவைச் சீராக்கி வைக்க வேண்டும்.

'ஏ2' என்பது கடந்த காலத்தில் நேர்ந்த எண்ணிக்கைக் குறைவு. 'சி' என்றால் அந்தக் குறைவை வாழிடம் சுருங்கியதிலிருந்து கணித்தார்கள் என்று பொருள். 10 ஆண்டு, மூன்று தலைமுறை, இவற்றில் எது நீளமோ அந்தக் காலத்துக்குள் பார்க்க வேண்டும். குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை பூத்து, விதை உதிர்த்து, மடிகிறது. ஆக 36 ஆண்டு: 2024க்கு எதிரே 1988. குறைவு 30 விழுக்காட்டைத் தொட்டால் இந்த வகை, 50ஐத் தொட்டால் 'அருகிய இனம்'.

மே 9, வெள்ளி

பழைய உலர்தாவரத் தாள்களின் ஸ்கேன் படங்கள். அவற்றைக் காக்கும் மெட்ராஸ் ஹெர்பேரியம் பெயரில்தான் மெட்ராஸ். 1909 முதல் இருப்பது கோயம்புத்தூரில். இங்கே சென்னையில் மாநிலக் கல்லூரியில் தாவரவியல் கற்பித்த ஃபைசன் நீலகிரி, பழனி முகடுகளைத் தொகுத்தபோது வைத்த கீழ் எல்லை 6,500 அடி, அதாவது சுமார் 1,980 மீட்டர். அடியை மீட்டராக மாற்ற மறந்தால் பூ வானத்தில் நிற்கும். அது உடனே கண்ணில் படும். கண்ணில் படாத பிழை வேறு. தாளில் 'கொடைக்கானல்' என்று மட்டும் இருக்க, ஊர் மையத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை ஒட்டிவிடுவது. பேருந்து நிலையத்தில் குறிஞ்சி முளைத்துவிடும்! பரப்பைக் கணக்கிடும் கட்டம் 2 கி.மீ. × 2 கி.மீ. இடத்தின் ஐயம் அதைவிடப் பெரிதென்றால் அந்தத் தாள் 'இந்த மலையில் இருந்தது' என்பதற்கு மட்டுமே சாட்சி.

மே 14, புதன்

பொதுமக்கள் பதிவேற்றிய படங்கள். சோலைக்காட்டுக்குள் நிழலில் ஆளுயரம் நின்றால் பெரும்பாலும் வேறு குறிஞ்சி இனம். நீலக்குறிஞ்சி திறந்த புல்வெளிச் செடி. ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் அரிய இனங்களின் இடத்தை மறைத்து, 0.2 பாகைக் கட்டத்துக்குள் (ஏறக்குறைய 22 கி.மீ.) எங்காவது ஒரு புள்ளி வைப்பார்கள். அந்தப் புள்ளியைக் கட்டக் கணக்கில் சேர்க்கக் கூடாது. பதிவிட்டவரிடம் கேட்டு உண்மையான இடத்தைப் பெற வேண்டும்.

மே 20, செவ்வாய்

லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள், ஒரு படப்புள்ளியின் பக்கம் 30 மீட்டர். ஜனவரி முதல் மார்ச் வரையிலானவற்றையே எடுக்கிறோம். மேகம் குறைவு, பனியில் கருகிய புல் பழுப்பாகத் தெரியும், மரம் பச்சையாக நிற்கும். பசுமைக் குறியீடு உயர்ந்தால் நல்லது என்று இங்கே படிக்கக் கூடாது. புல்வெளியில் சீகை மரம் (வாட்டில் எனும் அயல் மரம்) ஏறினாலும் குறியீடு உயரும். குறிஞ்சிக்கு அது இழப்பு. சோலை மலைமடிப்புகளில் ஒதுங்கியிருக்கும். தைல மரத் தோட்டத்துக்கு நேர்கோட்டு விளிம்பு. ஐயமுள்ள படப்புள்ளியைத் தனி வகையாகவே விடுகிறோம்.

எங்களைக் கவலைப்பட வைப்பது ஆண்டுக் கணக்குதான். சீகையும் தைல மரமும் 1988க்கு முன்பே பல இடங்களில் நடப்பட்டுவிட்டன. அந்த இழப்பு ஏ2 கணக்கில் வராது. 2030இல் மதிப்பிட்டால் தொடக்கம் 1994க்கு நகரும். இடைப்பட்ட ஆறு ஆண்டு இழப்பும் கழன்றுவிடும். ஒரு ஏக்கர் புல்வெளிகூட மீளாமலே நிலை மேம்பட்டதுபோல் தோன்றலாம். எனவே 1988 வரைபடத்தைப் பூட்டி வைத்து, 36 ஆண்டுக்கு முந்தைய இழப்பை அறிக்கை வாசகத்தில் தனியாக எழுத வேண்டும்.

மே 27, செவ்வாய்

பூக்காத ஆண்டில் 'செடி இல்லை' என்று எழுதியிருந்த பதிவுகளை நீக்கியாயிற்று. பூ இல்லையே தவிர, இளஞ்செடி இருக்கிறது. இதை ஐயுசிஎன் சொல்லும் 'அதீத ஏற்ற இறக்கம்' என்று காட்டவும் கூடாது. மொத்த எண்ணிக்கை மாறினால்தான் அந்தப் பெயர்.

ஏற்காட்டுப் புள்ளியைச் சேர்த்ததும் வெளிப்புறப் புள்ளிகளை இணைக்கும் பரப்பு சமவெளியையும் விழுங்குகிறது. அதை வெட்டி எடுக்க வேண்டாம். ஆபத்து எவ்வளவு தூரம் பரவிக் கிடக்கிறது என்பதற்கான அளவு அது. வாழிடத்தின் அளவு அல்ல.

கள ஆய்வுப் படிவத்தில் கேட்பவை: ஜிபிஎஸ் புள்ளியும் அதன் துல்லியமும், செடி உயரம், கடைசியாகப் பூத்த ஆண்டு, 50 மீட்டருக்குள் சீகைக் கன்று உண்டா என்பது. சீகை விதை மண்ணில் பல்லாண்டு கிடந்து, தீ பட்டதும் முளைக்கும். ஆகவே தீத்தடத்தையும் குறிக்க வேண்டும். செடியைப் பிடுங்கக் கூடாது, படம் போதும்.