கொல்கொதாவில் அம்மாவின் பொருத்தனை

அப்பாவுக்கு இருதய அறுவை சிகிச்சை நடந்த நாளில் அம்மா ஒரு பொருத்தனை செய்திருந்தார்கள். அப்பா உயிரோடு வீடு திரும்பினால், ஆண்டவர் சிலுவையில் தொங்கிய இடத்துக்கே போய் முழங்கால்படியிட்டு ஸ்தோத்திரம் சொல்வதாக நேர்ந்திருந்தார்கள். அப்பா வீடு திரும்பினார்கள். பணம் சேரத்தான் ஆண்டுகள் பிடித்தன. அதற்குள் அம்மாவின் மூட்டுவலி முற்றிவிட்டது. ஆயினும் கர்த்தர் வழி திறந்தார். பாளையங்கோட்டையிலிருந்து ஒரு சபைக் குழுவினரோடு புறப்பட்டு, யோர்தான் நாடு வழியாக வந்து, ஆலன்பி பாலத்துச் சோதனைச் சாவடியில் கால்கடுக்கக் காத்திருந்து, எருசலேமுக்குள் நுழைந்தோம்.

அந்த மருத்துவமனை நாட்களைச் சொல்லாமல் இந்தப் பயணத்தைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. சிறுவயதிலிருந்தே வேதம் வாசித்து, ஒரு ஞாயிறு ஆராதனையையும் தவறவிடாத அம்மா, அந்த வேளையில் தாமாக ஜெபிக்கத் துணியவில்லை. "என்னைப் போல பாவி கேட்டா ஆண்டவர் காதுல விழுமாய்யா?" என்று என்னிடம் கேட்டார்கள். யார் யாருக்கோ தொலைபேசியில் ஜெபக்குறிப்புச் சொன்னார்கள். சபையார் அன்போடு ஜெபித்தார்கள். அதற்காக இன்றும் நன்றி சொல்லுகிறேன். ஆனால் வல்லமையுள்ள ஊழியர் என்று யாரோ அறிமுகப்படுத்திய ஒருவர், தாம் சந்நிதியில் நின்று மன்றாடினால்தான் காரியம் வாய்க்கும் என்றும், அந்த விசேஷ ஜெபத்துக்கு இவ்வளவு காணிக்கை என்றும் சொல்ல, அம்மா கையிலிருந்த வளையலைக் கழற்றப் போனார்கள். ஒருவருக்காக ஒருவர் ஜெபிப்பது வேதம் கற்றுக்கொடுத்த அன்பு. தேவனுக்கும் மனுஷருக்கும் நடுவே நிற்கும் இடத்தைத் தமக்குரியதாக்கிக்கொண்டு அதற்கு விலை கேட்பதோ, எல்லாரையும் மீட்கத் தம்மையே விலையாகக் கொடுத்த ஒரே மத்தியஸ்தரை அவமதிப்பது. பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய முதலாம் நிருபத்தில் இது எவ்வளவு தெளிவாக இருக்கிறது!

பழைய எருசலேமின் வியா டோலோரோசா தெருவில் ஆண்டவர் சிலுவை சுமந்து நடந்ததைத் தியானித்துக்கொண்டே போகலாம் என்று எண்ணியிருந்தோம், கடைக்காரர்கள் விடவில்லை. ஒலிவமரச் சிலுவைகளையும் முள்முடிகளையும் முகத்துக்கு நேரே நீட்டி, கையைப் பிடித்து இழுத்தார்கள். திருக்கல்லறை ஆலயத்தின் முற்றத்திலோ, வரிசையில் நிற்க வேண்டாம், பணம் கொடுத்தால் உள்ளே சீக்கிரம் சேர்த்துவிடுகிறேன் என்று ஒருவர் அப்பாவின் தோளைப் பற்றிக்கொண்டார். மற்ற நேரத்தில் அப்பா எதற்கும் விட்டுக்கொடுத்துப் போகிறவர்கள். அன்று அவருடைய கையை மெதுவாக விலக்கி, "இங்கே தரகர் தேவையில்லை" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு நடந்தார்கள்.

கான்ஸ்டன்டைன் பேரரசர் காலத்தில் எழுப்பப்பட்டு 335 இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட ஆலயம் அது. 1009 இல் இடிக்கப்பட்டு, பின்னர் மீண்டும் எழுப்பப்பட்டு, சிலுவைப் போர் வீரர்கள் காலத்தில் விரிவாக்கிக் கட்டப்பட்டது. வாசலைக் கடந்ததும் வலப்புறத்தில், ஆண்டவர் சிலுவையில் அறையப்பட்ட கொல்கொதாவுக்கு ஏறும் படிகள் செங்குத்தாக இருக்கின்றன. முன்னும் பின்னும் பல நாட்டு மக்கள் நெருக்க, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் ஊன்றி, "இயேசப்பா, இயேசப்பா" என்று சொல்லிக்கொண்டே அம்மா ஏறினார்கள். மேலே கிரேக்க ஆர்த்தடாக்ஸ் சபையாரின் பலிபீடம். அதன் இருபுறமும் கண்ணாடிக்குக் கீழே கன்மலை தெரிகிறது. பலிபீடத்தின் அடியில், நடுவே துளையுள்ள ஒரு வெள்ளித் தகடு பதிக்கப்பட்டிருக்கிறது. குனிந்து உள்ளே போய் அந்தத் துளைக்குள் கைவிட்டால் பாறையைத் தொடலாம்.

நாற்காலியில் அமர்ந்தே ஜெபித்துப் பழகிய அம்மா, அங்கே யாருடைய உதவியையும் ஏற்காமல் முழங்கால்படியிட்டார்கள். துளைக்குள் முழங்கை வரை கையை விட்டார்கள். நான் பக்கத்தில் குனிந்திருந்ததால் அவர்கள் ஜெபித்தது எனக்குக் கேட்டது. எனக்காக வேண்டிக்கொள் என்று என்னிடமோ, குழுவோடு வந்திருந்த போதகரிடமோ அவர்கள் கேட்கவில்லை. அப்பாவின் பெயரைச் சொன்னார்கள், என் பெயரையும் பேரப்பிள்ளைகளின் பெயரையும் சொன்னார்கள், தம்முடைய பாவங்களை அறிக்கையிட்டார்கள். சொந்தத் தகப்பனிடம் பேசுகிறதுபோல, தைரியமாக, தாமே பேசினார்கள். வரிசையைக் கவனித்துக்கொண்டிருந்த துறவி சீக்கிரம் எழுந்திருக்கும்படி கைதட்டினார். அம்மா தம் ஸ்தோத்திரத்தை முடித்த பிறகே எழுந்தார்கள்.

பிறகு நானும் தொட்டேன். பாறை குளிர்ந்து, எண்ணற்ற கைகள் பட்டு வழவழப்பாக இருந்தது. தேவனையும் தன்னையும் குறித்து, "எங்கள் இருவர்மேலும் தன் கையை வைக்கத்தக்க மத்தியஸ்தன் இல்லையே" என்று வேதத்தில் யோபு ஏங்கியது என் நினைவுக்கு வந்தது. ஒரு கையைப் பிதாவிடத்திலும் மறு கையை நம்மிடத்திலும் வைக்க, தேவனாயும் மனுஷனாயும் இருக்கிற ஒருவரால் மட்டுமே முடியும். அந்த இரு கைகளிலும் ஆணி அடிக்கப்பட்ட இடத்தில் அல்லவா நான் இருந்தேன்! ஜெபிக்க எத்தனையோ எழுதி வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை, கண்ணீர்தான் வந்தது.

கீழே ஆதாமின் சிற்றாலயத்தில், கண்ணாடிக்குப் பின்னால் அதே கன்மலையில் ஒரு பிளவு ஓடுவதைப் பார்க்கலாம். மகா பரிசுத்த ஸ்தலத்தை மறைத்திருந்த தேவாலயத்தின் திரைச்சீலை மேலிருந்து கீழ்வரை இரண்டாகக் கிழிந்ததையும் கன்மலைகள் பிளந்ததையும் மத்தேயு ஒரே வசனத்தில் வைத்திருக்கிறார். அப்பா எபிரெயருக்கு எழுதின நிருபத்தைத் திறந்து அங்கேயே வாசித்தார்கள். பிரதான ஆசாரியன் மட்டும், அதுவும் வருஷத்தில் ஒரே நாளில், இரத்தத்தோடு பிரவேசித்த மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள், இயேசுவின் இரத்தத்தினாலே இப்போது நாம் தைரியமாய்ப் பிரவேசிக்கலாம் என்ற பகுதி வந்தபோது அப்பாவின் குரல் உடைந்தது. மீதியை அம்மாதான் வாசித்து முடித்தார்கள்.

நகர மதிலுக்கு வெளியே உள்ள தோட்டக் கல்லறையில் மறுநாள் எங்கள் குழுவினருக்குத் திருவிருந்து நடந்தது. ஆண்டவரை அடக்கம் செய்த இடம் இதுவே என்று நம்புகிறவர்களும் இருக்கிறார்கள். அதைப் பற்றி வழக்காட எனக்கு விருப்பமில்லை. மரநிழலில் அமர்ந்து அப்பமும் ரசமும் பெற்றுக்கொண்டபோது, அறுவை சிகிச்சைக்கு முன் தமக்குத் திருவிருந்து கொடுக்க ஆயர் மருத்துவமனைக்கு வந்ததை அப்பா நினைவுகூர்ந்தார்கள். கட்டிலின் அந்தப் பக்கத்தில் நின்று அழுத அம்மா இன்று இந்தப் பக்கத்தில் அமர்ந்து பாடுகிறார்கள் என்றால், அது எங்களுடைய பொருத்தனையின் பலனோ காணிக்கையின் பலனோ அல்லவே. எங்களுக்காக வேண்டுதல் செய்யும்படி எப்பொழுதும் உயிரோடிருக்கிறவரே, எங்கள் தகுதியைப் பாராமல் அப்பாவின் ஆயுசை நீட்டிக்கொடுத்தீரே, அம்மாவின் முழங்கால்களுக்கு அந்தப் படிகளில் பெலன் தந்தீரே, அம்மாவின் வாயிலிருந்தே அந்த ஜெபத்தைக் கேட்டீரே, உமக்கே ஸ்தோத்திரம்.