கோபியில் நடந்த விஆர் வகுப்பும் பயந்துபோன முதல் குழுவும்

மனச்சிதைவு நோயாளியின் காதில் ஒலிக்கும் குரல்களை விஆர் (மெய்நிகர் காட்சி) ஹெட்செட் வழியாகக் கல்லூரி மாணவர்களுக்கு உணர்த்தலாம் என்று, அக்டோபர் 10 உலக மனநல நாளையொட்டி, ஈரோட்டிலிருந்து கோபிசெட்டிபாளையத்துக்கு மூன்று முறை பேருந்து ஏறினேன். கல்லூரி முதல்வர் உடனே சம்மதித்துவிட்டார். அலைய வைத்தது அலுவலகம்.

"கடிதத்துல முத்திரை இல்லீங்களே" என்று முதல் முறை திருப்பி அனுப்பிய எழுத்தர், முத்திரையோடு போனபோது மருத்துவரின் கடிதமும் வேண்டும் என்றார். போன வாரமே சொல்லியிருக்கலாமே என்றதற்கு, "நீங்க கேக்கலீங்களே" என்றார். ஆனால், "இதை மாட்டுனா பசங்களுக்கு ஏதாச்சும் ஆயிடாதுங்களா?" என்று அவர் கேட்டது நியாயம்தான். வலிப்பு உள்ளவர்களுக்கு மாட்டக் கூடாது. தலைசுற்றலும் குமட்டலும் வரலாம் என்பதால் நாற்காலியில் உட்கார வைத்தே காட்ட வேண்டும். இவற்றை ஒப்புதல் படிவத்தில் முன்பே எழுதியிருந்தால் ஒரு பயணம் மிஞ்சியிருக்கும்.

மூன்றாம் பயணத்தில் நிகழ்ச்சி. கல்லூரி வைஃபை கைவிட்டது; காட்சியை வீட்டிலேயே பதிவிறக்கி வைத்திருந்ததால் தப்பித்தேன். உண்மையான தவறு என்னுடையது. ஹெட்செட்டுக்குள் குரல் கேட்டதும் முதல் குழுவில் ஒரு மாணவி சட்டென்று தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்தார். கழற்றிய பிறகு கருத்துச் சீட்டில், "இவர்கள் பக்கத்தில் உட்காரவே பயமாக இருக்கிறது" என்று எழுதினார். இத்தகைய காட்சிகள் பரிவைக் கூட்டினாலும், விலகி நிற்கும் எண்ணத்தையும் கூட்டக்கூடும் என்று ஆய்வுகளில் படித்திருந்தும் அலட்சியமாக இருந்துவிட்டேன்.

உணவு இடைவேளைக்குப் பின் இரண்டாம் குழுவுக்கு வரிசையை மாற்றினேன். இறுதியில் இரண்டு வார்த்தை பேசுவதற்காக அழைத்து வந்திருந்த, சிகிச்சையில் தேறித் திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் நண்பரை முதலில் பேச வைத்து, அதன் பிறகே ஹெட்செட்டை மாட்டினேன். கழற்றியதும் கேள்விக்கு நேரம் விட்டேன்.

"அண்ணா, அந்தக் குரல் பேர் சொல்லிக் கூப்பிடுமாங்க?"

"கூப்பிடுங்க தம்பி. முன்னெல்லாம் திரும்பித் திரும்பிப் பாப்பனுங்க. இப்ப மாத்திரையைப் போட்டுட்டு வேலையைப் பாக்கறனுங்க."

அரங்கத்தில் சிரிப்பு எழுந்தது, அவரும் சிரித்தார். இரண்டாம் குழுவின் சீட்டுகளிலும் பயம் இருந்தது, ஆனால் கேள்விகள் அதிகம் இருந்தன. டெலி மனாஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-ஐத் தொடக்கத்திலேயே கரும்பலகையில் எழுதிவிடுவது நல்லது; சித்தப்பாவுக்காக, அக்காவுக்காக என்று தனியே வந்து கேட்கிறார்கள்.

முதல் குழுவை அப்படியே விட மனம் வரவில்லை. அவர்களோடு நண்பரைப் பேச வைக்க அடுத்த வியாழக்கிழமை இருபது நிமிடம் தந்திருக்கிறார் முதல்வர். அதற்கும் தனிக் கடிதம் வேண்டுமாம். இம்முறை முத்திரை குத்தியே வைத்திருக்கிறேன்.